கலங்கலின் அளவு

மருந்தியல் படிக்கச் சேர்ந்தவன் முதல் ஆறு மாதம் உப்பைத்தான் படிக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 1987இல் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது, இதயத்தைப் பற்றியும் நரம்புகளைப் பற்றியும் புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பற்றியும் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாளே கரும்பலகையில் சோடியம் பைகார்பனேட் என்று எழுதினார்கள். மறுநாள் மக்னீசியம் சல்பேட். அதற்கடுத்த நாள் படிகாரம். கனிம வேதியியல் என்ற பெயரில் எங்களுக்கு மளிகைக்கடையைத்தான் நடத்துகிறார்கள் என்று விடுதியில் பேசிச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு நாட்டுமருந்துக் கடை வாசலில். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது பாட்டிக்காக ஏதோ வாங்கச் சென்றேன். கடையின் இழுப்பறைகளில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்னபேதி. எங்கள் பாடநூலின் பெரஸ் சல்பேட். வெங்காரம் என்பது போராக்ஸ். நவச்சாரம், அம்மோனியம் குளோரைடு. சிறுவயதிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சொற்கள் எல்லாம் சட்டென்று தங்கள் சமன்பாடுகளோடு எழுந்து நின்றன. பூரம், வீரம் என்ற இரண்டு சொற்கள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரத்தில் ஒரு பாதரச அணுவுக்கு ஒரு குளோரின். வீரத்தில் இரண்டு. முன்னது உலகெங்கும் நெடுங்காலம் பேதிமருந்தாகவும், பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடியாகவும் கொடுக்கப்பட்டது. அதுவும் தீங்கற்றதல்ல என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் உணர்ந்தார்கள். பின்னது உடனே கொல்லும் நஞ்சு. ஒரு குளோரின் அணு கூடினால் பொருளே வேறாகிவிடுகிறது என்பது அந்த வயதில் எனக்கு ஒரு கதையின் திருப்பத்தைப் போல இருந்தது.

ஆனால் அது எளிய பாடம். இது எந்தப் பொருள் என்று கேட்டு விடை சொல்லும் பாடம். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று எங்கள் ஆய்வகத்தில் காத்திருந்தது.

*

லிமிட் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். வரம்புச் சோதனை என்று தமிழில் சொல்லலாம். மருந்தாக விற்கப்படும் எந்த உப்பிலும் பிற உப்புகள் கொஞ்சம் கலந்தே இருக்கும். அது எடுக்கப்பட்ட மண்ணிலிருந்தோ, காய்ச்சிய பாத்திரத்திலிருந்தோ, கழுவிய நீரிலிருந்தோ வந்து சேர்ந்திருக்கும். முழுத் தூய்மை எங்கும் கிடையாது. ஆகவே மருந்து நெறிநூல் மாசு இருக்கிறதா என்று கேட்பதில்லை. எவ்வளவு வரை இருக்கலாம் என்று ஒரு கோடு கிழித்து, அதற்கு உள்ளே இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது.

குளோரைடுக்கான சோதனை எல்லாவற்றிலும் எளியது. நெஸ்லர் சிலிண்டர் என்ற, அடி தட்டையான, ஐம்பது மில்லிலிட்டர் கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்கள் வேண்டும். இரண்டும் ஒரே அளவு, ஒரே கண்ணாடி. ஒன்றில் நாம் சோதிக்க வேண்டிய உப்பின் கரைசல். மற்றதில் அளந்து எடுத்த சாதாரணச் சோற்றுப்பின் கரைசல், மிக மிகச் சிறிய அளவில். இரண்டிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, கோடு வரை நீரூற்றி, ஒரு மில்லிலிட்டர் சில்வர் நைட்ரேட் விட்டுக் கலக்க வேண்டும். குளோரைடு இருந்தால் சில்வர் குளோரைடு உண்டாகும். அது நீரில் கரையாது. அரிசி கழுவிய நீரின் கடைசிக் கழுவல் போல மெல்லிய கலங்கல் தோன்றும். நேர்வெளிச்சம் படாமல் ஐந்து நிமிடம் வைத்திருந்து, கறுப்புப் பின்னணியில் இரண்டையும் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நம் உப்பின் கலங்கல் மற்றதைவிட அதிகமில்லை என்றால் அது தேறியது.

இதில் என்னை அப்போதே உறுத்திய ஒன்று உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குழாயில் நாமே அளந்து மாசைச் சேர்க்கிறோம். அளவுகோலே அழுக்கானது. வேண்டுமென்றே, கணக்காக, இவ்வளவு என்று தெரிந்து சேர்த்த அழுக்கு. வீட்டிலும் கோயிலிலும் புத்தகத்திலும் தூய்மையைப் பற்றி நான் கேட்டிருந்த எதுவும் இதைப் போல இல்லை. அங்கெல்லாம் ஒரு துளி விழுந்தால் குடம் முழுவதும் கெட்டது. இங்கோ அந்தத் துளி எவ்வளவு என்று கேட்டார்கள்.

அதே சமயம் இந்தச் சோதனை எள்ளளவும் மன்னிக்காதது. எங்கள் கல்லூரிக் கிணற்று நீர் உப்பு. அதில் கழுவிய குழாயைக் காய்ச்சி வடித்த நீரால் மீண்டும் அலசாமல் எடுத்தால், மருந்தில் ஒன்றுமில்லாமலே கலங்கும். இரும்புக்கான சோதனையில் தயோகிளைக்காலிக் அமிலமும் அம்மோனியாவும் சேர்ப்போம். இரும்பு இருந்தால் வெளிர் சிவப்பிலிருந்து செவ்வூதா வரை நிறம் வரும். சேர்க்கும் சிட்ரிக் அமிலத்திலும் அம்மோனியாவிலும் இரும்பு இருக்கக்கூடாது. சோதிப்பவனின் கையும் பாத்திரமும் நீரும் முதலில் சோதனைக்குள்ளாக வேண்டும். பிறகுதான் மருந்து.

*

அந்த முதலாண்டில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஆய்வகத்தில் எங்களுக்குத் தரப்படும் மாதிரிகள் எல்லாம் எப்போதும் தேறுபவை. மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் விடுதியில் வழிவழியாக வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றேதான். மாதிரி சோதனையில் தேறுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஊருக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில், குழாய்களை நனைக்காமலே அந்த வரியை எழுதி நோட்டை நீட்டினேன்.

ஆசிரியர் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திட்டார். பத்துக்கு எட்டு மதிப்பெண்ணும் போட்டார். பிறகு என்னை மேசைக்கு அழைத்துச் சென்று, என் மாதிரியை அவரே சோதித்தார். சில்வர் நைட்ரேட் விழுந்த கணத்தில் குழாய் மோர் போல வெளுத்தது. ஐந்து நிமிடம் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. அன்று சில மாதிரிகளில் அவர் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு வைத்திருந்தார்.

“மார்க் போட்டது போட்டதுதான், அழிக்கமாட்டேன்” என்றார். “ஆனா மருந்து குடிக்கிறவன் உன் நோட்டைக் குடிக்கிறதில்லப்பா.”

வேறெதுவும் சொல்லவில்லை. அந்த எட்டு மதிப்பெண் என் நோட்டில் அப்படியே இருந்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு ஆர்சனிக் பாடம் வந்தபோது அவர் 1900ஆம் ஆண்டின் கதையைச் சொன்னார். இங்கிலாந்தில் மான்செஸ்டரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கைகால் மரத்து, தோல் கறுத்து, நடக்க முடியாமல் போயிற்று. ஏறத்தாழ எழுபது பேர் இறந்தார்கள். குடியால் வந்த நரம்புநோய் என்றே மருத்துவர்கள் முதலில் எண்ணினார்கள். நோயாளிகள் பெரும்பாலும் பீர் குடிக்கும் ஏழைத் தொழிலாளர்கள், ஆகவே அந்த விளக்கம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. உண்மைக் காரணம் பீரில் இருந்த ஆர்சனிக். பீர் செய்யச் சர்க்கரை, சர்க்கரை செய்யக் கந்தக அமிலம், கந்தக அமிலம் செய்யப் பைரைட் என்னும் கனிமம். அந்தக் கல்லில் இருந்த ஆர்சனிக், மூன்று தொழிற்சாலைகளைத் தாண்டி ஒரு கூலித்தொழிலாளியின் குவளைக்கு வந்து சேர்ந்திருந்தது. கெல்வின் பிரபுவின் தலைமையில் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. உணவில் ஆர்சனிக் எவ்வளவு இருக்கலாம் என்று அது ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது.

அந்த வழியில் எவரும் நஞ்சைக் கலக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முந்தியவர் சோதித்திருப்பார் என்று நம்பினார்கள், அவ்வளவுதான்.

*

1993இல் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன். வயிற்றுப்புண்ணைக் கண்டறிய அந்நாளில் எண்டாஸ்கோபி எல்லா ஊர்களிலும் கிடையாது. பேரியம் சல்பேட் பொடியை நீரில் கூழாகக் கலக்கிக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். பேரியம் கனமான உலோகம். எக்ஸ்ரே கதிர்களைத் தடுக்கும். இரைப்பையின் உட்சுவர் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் மகளோடு வந்திருந்தார். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. நம் மொழியில் மருந்து என்ற சொல்லின் விரிவு எனக்கு அந்த ஊரில்தான் உறைத்தது. நோய் தீர்ப்பதும் மருந்து. வெடிப்பதும் மருந்து. வயலில் தெளிப்பதும் மருந்து. ‘மருந்தைக் குடித்துவிட்டாள்’ என்றால் அதன் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும்.

பேரியம் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பேரியம்னா நாங்க பச்சைக்குப் போடுற உப்புல்ல தம்பி? அது பட்ட கையோட சோத்தைத் தொடாதேன்னு சொல்லுவாக.”

அவர் சொன்னது சரி. வாணவேடிக்கையில் பச்சை நிறம் பேரியத்தால் வருவது, சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால் வருவதைப் போல. கல்லூரி ஆய்வகத்தில் நாங்களும் அதே பச்சைச் சுடரை வைத்துத்தான் பேரியத்தை இனங்கண்டோம். நான் பாடநூலை ஒப்பித்தேன். நீங்கள் கையாள்வது பேரியம் நைட்ரேட், அது கரையும், ஆகவே நஞ்சு. இது சல்பேட், கரையாது, குடித்தது அப்படியே வெளியே போய்விடும் என்றேன்.

“கரையாதுன்னா சரிதான்” என்றார். சற்று நிறுத்தி, “நீங்க பாத்துட்டீகளா?” என்று கேட்டார்.

அதில் சந்தேகம் இல்லை, குத்தலும் இல்லை. மருந்து கலக்குகிறவன் அடுத்த மேசையில் இருப்பவனிடம் கேட்கும் சாதாரணக் கேள்வி.

நான் பார்த்திருக்கவில்லை. பழைய டின் முந்தின வாரம் தீர்ந்திருந்தது. புதிய மூட்டை உள்ளூர் வியாபாரி ஒருவரிடமிருந்து வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். லேபிள் நீரில் நனைந்து கசங்கியிருந்தது. கையால் எழுதிய பில்லில் பேரியம் சல்ப் என்று எழுதிப் புள்ளி வைத்திருந்தார்கள். சல்பேட்டா, சல்பைடா, சல்பைட்டா? பேரியம் சல்பேட் என்ற பெயரை எப்போதும் முழுமையாக எழுத வேண்டும், சுருக்கக் கூடாது என்று பாடநூலில் ஒரு வரி உண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி.

ஒரு சிட்டிகை எடுத்து அமிலம் விட்டேன். அழுகிய முட்டை நாற்றம் வரவில்லை, ஆகவே சல்பைடு அல்ல. கந்தகம் எரியும் நெடியும் இல்லை. நுரைக்கவில்லை, ஆகவே கார்பனேட்டும் அல்ல. இது சல்பேட்தான் என்று ஏறத்தாழ உறுதியாயிற்று. ஆனால் அது முதல் கேள்விக்கான விடை. இரண்டாவது கேள்வி மீதமிருந்தது. நோயாளி குடிக்கப்போவது நூறு கிராமுக்கும் மேல். அதில் நூற்றில் ஒரு பங்கு கரையும் பேரியம் உப்பு இருந்தால் ஒரு கிராமைத் தாண்டும். இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, தசைகளைச் செயலிழக்கவைத்து, இதயத்தை நிறுத்த அது போதும். நுரைக்காத அளவுக்கு, நாறாத அளவுக்குக் குறைவான மாசும் ஆளைக் கொல்லலாம்.

அதற்கான சோதனை நெறிநூலில் இருக்கிறது. பொடியை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். கரையும் பேரியம் இருந்தால் வடிநீரில் வந்துவிடும். அதில் பாதியில் கந்தக அமிலம், மறுபாதியில் வெறும் நீர். ஒரு மணி நேரம் கழித்து ஒப்பிட வேண்டும்.

ஒரு மணி நேரம் வேண்டும் என்று போய்ச் சொன்னேன். எக்ஸ்ரே மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நாளாக இதைத்தானே கொடுக்கிறோம் என்றார். கம்பெனிக்காரன் பார்க்காமலா அனுப்புவான் என்றார் நிர்வாகி. “நேத்து ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலண்ணே” என்று மகள் அழும் குரலில் சொன்னாள். எனக்கு இருபத்துமூன்று வயது. விளக்கிச் சொல்லும் நாவன்மை இல்லை. பொடி இருந்த அறையின் சாவி மட்டும் என்னிடம் இருந்தது.

இரத்தப் பரிசோதனை அறையில் அமிலங்களும் ஸ்பிரிட் விளக்கும் வடிதாளும் கிடைத்தன. நெஸ்லர் சிலிண்டர் இல்லை. ஒரே மாதிரியான இரண்டு சோதனைக்குழாய்களைத் தேடி எடுத்தேன். எக்ஸ்ரே பிலிமோடு வரும் கறுப்புத் தாளைப் பின்னால் வைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தின் நடுவில் பெரியவருக்குத் தலைசுற்றல் வந்து பெஞ்சில் படுக்கவைத்தார்கள். மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, “இருக்கட்டும் தாயி, பாக்கட்டும்” என்றார்.

ஒன்பது மணிக்கு இரண்டு குழாய்களும் ஒன்றுபோல் தெளிந்திருந்தன. பொடி நல்ல பொடி. கூழைக் கலக்கி நானே எடுத்துச் சென்று கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருந்தது. மாத்திரையில் ஆறியது. எனக்கு அந்த மாதம் ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

*

குழாய் கலங்கியிருந்தால் இது வேறு கதையாகியிருக்கும், நான் அதன் நாயகனாகியிருப்பேன். கலங்கவில்லை. பசித்த ஒரு நோயாளியை ஒரு மணி நேரம் காக்கவைத்தேன், அவ்வளவுதான் நடந்தது. இந்தத் தொழிலின் இயல்பு இது. சோதனை ஒழுங்காக நடந்த நாட்களில் எதுவுமே நிகழ்வதில்லை. நிகழாத ஒன்றுக்காக யாரும் நன்றி சொல்வதில்லை. அதனாலேயே அதைச் செய்யாமல் விடுவது மிக எளிது. தேறுகிறது என்ற வரியை எழுதிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கலாம். பெரும்பாலான நாட்களில் அந்த வரி உண்மையாகவே இருக்கும்.

2003இல் பிரேசிலில் கார்பனேட் கலந்த பேரியம் சல்பேட்டைக் குடித்த நோயாளிகள் பலர் இறந்த செய்தியைப் படித்தபோது, அந்தப் பெஞ்சும் கறுப்புத் தாளும் நினைவுக்கு வந்தன. அப்போது நான் மாணவர்களுக்குக் கனிம வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். இன்றும் நடத்துகிறேன். இந்தக் குழாய்களெல்லாம் இன்னும் எதற்கு சார் என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கன உலோகங்களுக்கான பழைய நிறச் சோதனையை அமெரிக்க நெறிநூல் 2018இல் கைவிட்டுவிட்டது. ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியே அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. என் கண்ணைவிட அவை பல மடங்கு கூர்மையானவை.

ஆனால் 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைகால் என்ற அந்த நஞ்சு கரிம வேதியியலைச் சேர்ந்தது, என் பாடத்தில் வராது. கேள்வி மட்டும் அதேதான். மூலப்பொருளில் அதற்கான வரம்பு 0.1 சதவீதம். தமிழக அரசின் ஆய்வகம் அந்த மருந்தில் கண்டது 48.6 சதவீதம். இதைக் காண நுட்பமான கருவி எதுவும் வேண்டியதில்லை. யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும்.

சென்ற மாதம் ஆய்வக வகுப்பில் ஒரு மாணவி இரண்டு நெஸ்லர் குழாய்களைக் கறுப்புத் தாளுக்கு முன் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தெரியுது. என்னன்னு எழுத?”

அளவுகோலைவிட அதிகமில்லை என்றால் தேறியதாகத்தான் பொருள் என்றேன். தலையாட்டினாள். ஆனால் எழுதவில்லை. குழாய்களை இடம் மாற்றிவைத்து, சன்னல் பக்கம் திரும்பி நின்று, இன்னொரு முறை பார்த்தாள்.

மணி அடித்துவிட்டது. நானும் காத்திருந்தேன்.